பலாவுக்கும் தேக்குக்கும் ஒரு ஸ்க்ரோல் சா

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவான வடிவங்களை அறுக்கும் இயந்திரம்தான் ஸ்க்ரோல் சா. மார்த்தாண்டத்தில் வாங்கிய இந்த 16 அங்குல ஸ்க்ரோல் சா, வீட்டில் பொழுதுபோக்காக மரவேலை செய்பவர்களுக்குத் தாராளமாகப் போதும். பிளேடு நிமிடத்திற்கு 400 முதல் 1600 முறை ஏறி இறங்கும்படி வேகத்தை மாற்றிக்கொள்ள முடிவதால், மெல்லிய தேக்குப் பலகையையும் தடித்த பலாவையும் அதனதன் போக்கில் கருகாமல் அறுக்கலாம்.

குறை, பிளேடைப் பிடிக்கும் அமைப்பில்தான் இருக்கிறது. முனைகளில் குறுக்கு ஊசி உள்ள பிளேடை மட்டுமே அது ஏற்பதால், குத்துவிளக்கு வடிவத்தின் உட்புறத்தை வெட்ட, பிளேடை நுழைப்பதற்கு ஏறத்தாழ 5 மி.மீ. துளை போட வேண்டியிருக்கிறது. ஊசியற்ற பிளேடாக இருந்தால் அதைவிட மிகச் சிறிய துளையே போதும், நுண்ணிய பூவேலைக்கு அதுவே உயிர். ஊசியற்ற பிளேடை ஏற்கும் மாற்றுப் பிடி தனியாக விற்கிறது; அதைப் பொருத்திய பிறகே இந்த இயந்திரத்தின் முழுத் திறமையும் எனக்குப் புலப்பட்டது. அதைத் தயாரிப்பாளரே முதலிலிருந்து தந்திருக்க வேண்டும்.

அறுத்த பலகையை 120, 220, 320 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, அரக்கு வார்னிஷை மெல்லிய பூச்சுகளாக இடுகிறேன். இரு பருவமழைகளும் பெய்யும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், ஈரக்காற்று வீசும் நாளில் பூசினால் அரக்கு வெண்மை படர்ந்துவிடும் என்பதால், வெயில் காயும் முற்பகலே அதற்கு உகந்தது. ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், துடைத்த துணியைச் சுருட்டி வைக்காமல் விரித்து உலர்த்த வேண்டும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும்.