வெள்ளைக் கல்லும் இருபது கோய் மீனும்: வீட்டு அக்வாபோனிக்ஸ் வாங்கப் போறவங்க கொஞ்சம் படிங்க

கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். முற்றம் கிடையாது, மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரரிடம். அதனால்தான் அந்த அக்வாபோனிக்ஸ் விளம்பரம் கண்ணில் பட்டதும் விழுந்துவிட்டேன். கீழே கண்ணாடித் தொட்டியில் மீன், மேலே தட்டில் செடி. மீன் கழிவே உரம், ஹாலில் உட்கார்ந்தபடியே தக்காளியும் பாலக்கும் பறிக்கலாமாம். விற்றவர் எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி, கோவைப் பக்கத்து ஆள். பெயர் எழுதப் போவதில்லை. அவர் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

14,500 ரூபாய். ஆம்னி வேனில் கொண்டுவந்து இரண்டு மணி நேரத்தில் எல்லாம் பொருத்திவிட்டார். 100 லிட்டர் தொட்டி, பம்ப், தட்டு நிறைய பளபளவென்று வெள்ளைக் கல், விரல் நீளத்தில் 20 கோய் மீன் (அலங்காரக் கெண்டை), நாலு தக்காளி நாற்று, கொஞ்சம் பாலக்.

"போர் தண்ணிதானேக்கா, குளோரின் தொல்லையே இல்ல. இன்னிக்கே மீன விட்டுரலாம்."

குளோரின் இல்லை என்பது உண்மை. பாதி உண்மை சொல்லுகிற ஆளை நம்பாமல் இருப்பது கஷ்டம். என் மாமியார் மட்டும், "மீனுக்குத் தீனி போட்டுக் கீர வளக்கறதுக்கு ரெண்டு சட்டில மண்ணப் போட்டா ஆகாதா?" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

நாலாம் நாள் காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. போன் செய்தால், "ஆக்சிஜன் பத்தலக்கா, இன்னொரு ஏர் பம்ப் வைக்கணும்." 900 ரூபாய். மறுநாள் ஆறு செத்தன. "பூஞ்சைக்கா" என்று ஒரு நீல மருந்தை பஸ்ஸில் கொடுத்துவிட்டார். அதற்கு 250. தொட்டி நீலமாச்சு, மேலும் மூன்று போச்சு. அந்த மருந்து ஊற்றிய தண்ணீரில் வளர்ந்த பாலக்கை யார் தின்பது? பிடுங்கிப் போட்டேன்.

பிறகுதான் பாலக்காட்டில் ஒரு மீன் கடைக்குத் தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோனேன். அந்தச் சேட்டன் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தார். அம்மோனியா ஏகத்துக்கு. பிஹெச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு, 8.4. வீட்டுப் போர் தண்ணீரைத் தனியாகப் பார்த்தால் 7.6 தான். "தட்டுல என்ன கல்லு?" என்றார். மறுநாள் ஒரு கல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலே வினிகர் விட்டதும் சுர்ரென்று நுரைத்தது. அது மார்பிள் சில்லு. சுண்ணாம்புச் சத்துள்ள கல் தண்ணீரில் கரைந்து பிஹெச்சை ஏற்றிக்கொண்டே போகும். அலங்காரத் தோட்டத்துக்கு வாங்குகிற கல்லைத் தொட்டிக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்.

மீன் செவுள் வழியே விடுகிற அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அதைத்தான் செடி விரும்பிக் குடிக்கும். இந்த பாக்டீரியாக்கள் கல்லில் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். அதுவரை மீன் விடாமல், தினம் ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் போட்டு அழுக விடுவது ஒரு வழி. அப்படியே விடுவதானாலும் இரண்டு மூன்று சின்ன மீன் போதும். அவர் முதல் நாளே இருபது விட்டார். அதுவும் கோய்! வளர்ந்தால் இரண்டடி போகிற மீன். இதில் பிஹெச் வேறு. 30 டிகிரித் தண்ணீரில் பிஹெச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் கொடிய விஷமாக இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8.4 என்றால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. சித்திரை வெயில், மார்பிள் கல், இருபது மீன். எது கொன்றது என்று தனியாகக் கேட்கவே வேண்டாம். அந்த நீல மருந்து, வரவேண்டிய பாக்டீரியாவையும் சேர்த்தே கெடுக்குமாம்.

தக்காளிக் கதை சின்னது. ட்யூப் லைட் வெளிச்சத்தில் தக்காளி காய்க்காது. மிச்சமிருந்த செடிகளில் புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச் சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் இரும்பு போதாது, பிஹெச் ஏறினால் இருப்பதையும் செடியால் எடுக்க முடியாது. விற்றவரிடம் கேட்டதற்கு "உரம் 600 ரூபாய்க்கா" என்றார். உரமே வேண்டாம் என்றுதானே விற்றீர்கள்?

பம்ப் பெட்டியில் மணிக்கு 1000 லிட்டர் என்று போட்டிருந்தது. அது தண்ணீரை மேலே ஏற்றாதபோது வருகிற கணக்கு. மூன்றடி ஏறினால் அதில் பாதி வந்தால் பெரிது. வாங்கும்போது எந்த உயரத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

இப்போது தட்டில் முக்கால் இஞ்ச் கருங்கல் ஜல்லி. வினிகர் விட்டுப் பார்த்துத்தான் போட்டேன். பிழைத்த கோய்களைச் சித்தப்பா தோட்டத்துத் தொட்டிக்குக் கொடுத்துவிட்டு, எட்டு வாரம் கழித்து கப்பி மீன் விட்டேன். கிழக்கு ஜன்னலோரம் புதினாவும் வல்லாரையும் நன்றாக வருகின்றன. வெயில் வராத பக்கம் மணி பிளான்ட் வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டிருக்கிறேன், கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டது. (அதைச் சின்னப் பிள்ளைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாய் எரியும்.)

பணத்தைக் கேட்டபோது, "கேஸ் போடறதுன்னா கோயமுத்தூர் வந்து போடுங்க, நீங்க கேரளா" என்று சிரித்தார். எல்லை தாண்டி வாங்குகிறவர்களிடம் எல்லாரும் சொல்கிற பேச்சு இது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து கேட்டேன். 2019ஆம் வருட நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். எனக்குப் பாலக்காடு. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இதை எழுதி, கல் நுரைக்கிற வீடியோவும் சேர்த்து அவருக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பத்தாம் நாள் 6,000 ஜிபேயில் வந்தது.

மீதிக்கு இழுத்தடிக்கிறார். கல்லைத் திருப்பிக் கொடுத்தால் பார்க்கலாமாம். மூட்டை கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன், வந்து தூக்கிக்கொண்டு போகட்டும்.