பார்வை 61, பிள்ளைகள் 18: பாடக் காணொளித் தளத்தோடு மூன்று ஆண்டு

எங்கள் தமிழ் வகுப்பு மூன்று ஆண்டாகப் பயன்படுத்தும் பாடக் காணொளித் தளத்தின் ஆண்டுச் சந்தாவைக் குறைத்துவிட்டார்களாம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் தமிழ் வகுப்பு நடத்தும் நாலைந்து பேர், வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தளத்தின் பெயர் கேட்டவர்களுக்குத் தெரியும், இங்கே வேண்டாம். வசதிப் பட்டியல் விலைப் பக்கத்திலேயே இருக்கிறது, அதையும் ஒப்பிக்கவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஃப்லைன் டவுன்லோட் அருமை. 240பி தரத்தில் விநாடிக்குச் சுமார் 300 கிலோபிட் என்பதால் 12 நிமிடப் பாடம் 27 எம்பியில் அடங்கிவிடுகிறது. ப்ரீபெய்ட் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் இங்குள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளுக்கு இது பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டப வைஃபையில் இறக்கிக்கொண்டு போனால் வாரம் முழுக்கச் செலவில்லை. வேகத்தை 0.75க்குக் குறைத்தாலும் குரல் இழுபடுவதில்லை. வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் பிள்ளை லகரத்தையும் ளகரத்தையும் பிரித்துக் கேட்க அந்த வேகம்தான் சரி.

இனி, ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் கொட்டை எழுத்தில் நிற்கும் அந்தப் ‘பார்வைகள்’ எண்.

பிளே அழுத்திய கணமே ஒரு பார்வை ஏறிவிடும். அதன்பின் 10 விநாடிக்கு ஒருமுறை, ‘இன்னும் ஓடுகிறது’ என்று பிளேயர் சர்வருக்குச் செய்தி அனுப்பும். பார்த்த நிமிடம் அந்தச் செய்திகளின் கூட்டல். பக்கம் மறுபடி லோட் ஆனால் அது புது அமர்வு, புதுப் பார்வை. மின்சாரம் போகிறது, ரூட்டர் அணைகிறது, பிள்ளை மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறது, கொஞ்ச நேரத்தில் டவர் பேட்டரியும் தீர்கிறது. அத்தனையும் தாண்டி ஒரே பிள்ளை ஒரே பாடத்தைப் பார்த்து முடிப்பதற்குள் நாலு பார்வை. 2023இல் நாட்டின் சுழற்சி முறை மின்வெட்டு ஆறாம் நிலைவரை கடுமையான மாதங்களின் அறிக்கையை எடுத்தால் வகுப்பு ஓகோவென்று வளர்ந்த மாதிரி இருக்கும். 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நின்றதும் எண் சரிந்தது. பிள்ளைகள் விலகிவிட்டார்களா என்று நிர்வாகக் குழு கேட்கிறது! விலகியது ரீலோட்தான்.

‘தனிப் பார்வையாளர்’ என்ற பத்தியாவது கைகொடுக்கும் என்று நினைக்க வேண்டாம். அது ஆளை எண்ணுவதில்லை, குக்கியை, அதாவது பிரௌசருக்குள் தளம் போட்டு வைக்கும் அடையாளக் குறிப்பை எண்ணுகிறது. ஃபேஸ்புக்கில் வந்த இணைப்பைத் தொட்டால் அதற்குள்ளேயே ஒரு பிரௌசர் திறக்கும். நேராகப் போனால் குரோம், அப்புறம் தளத்தின் செயலி. ஒரே கைபேசி, மூன்று ஆள். ஐபோனின் சஃபாரி, பக்கத்தின் ஸ்கிரிப்ட் போடும் குக்கியை 7 நாளுக்கு மேல் வைத்திருக்காது. வாரம் ஒருமுறை வகுப்பு, நடுவில் ஒரு வாரம் தவறினால் அதே பிள்ளை புது ஆளாக வந்து சேரும்.

கூடுதலாக எண்ணுவதோடு விட்டால் கழித்தாவது பார்க்கலாம். எண்ணாமலும் விடுகிறது, அதுவும் நான் மேலே புகழ்ந்த ஆஃப்லைனில்! இணையம் இல்லாமல் பார்த்ததைச் செயலி சேர்த்து வைத்து, அடுத்த முறை வைஃபை கிடைத்ததும் அனுப்பும். பதிவாகும் தேதி பார்த்த நாள் அல்ல, அனுப்பிய நாள். ஞாயிறு காலை 15 கைபேசிகள் மண்டபத்துக்குள் நுழைந்ததும் வாரக் கணக்கு முழுதும் ஒரே ஐபி முகவரியிலிருந்து குபுகுபுவென்று போகிறது. போலிப் பார்வை என்று நினைத்து, தளத்தின் வடிகட்டி அதில் ஒரு பகுதியைத் தள்ளிவிடுகிறது. புரொஜெக்டர் போட்டு 30 பேருக்குக் காட்டினால், அது ஒரே பார்வை. தைப்பூசத்துக்கு முன் சமையலறையில் லூப்பில் ஓடும் காவடிப் பாட்டுப் பாடம், சுற்றுக்கு ஒன்று.

யூடியூபுக்கு மாறிவிடலாமே என்பவர்களுக்கு இரண்டு சங்கதி. வகுப்புத் தளத்தில் ‘பாடம் தொடங்கு’ என்று நீங்களே ஒரு பட்டன் செய்து ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டினால் அது பார்வை எண்ணிக்கையில் சேராது. பிளேயரின் சொந்தப் பட்டனை அழுத்தினால்தான் சேரும் என்று அவர்களின் ஆவணமே சொல்கிறது. இன்னொன்று, அதன் அறிக்கையில் நாள் அமெரிக்கப் பசிபிக் நேரப்படி புரளும். நமக்கு அது காலை 9 மணி, நவம்பர் முதல் மார்ச் வரை 10 மணி. அந்த மாதங்களில் ஞாயிறு 9 மணி வகுப்பு சனிக்கிழமைக் கணக்கில் விழும். நம் தளம் யூடிசி என்ற உலகப் பொது நேரம் வைத்திருப்பதால் நாள் இரவு 2 மணிக்குப் புரள்கிறது, அதில் தொல்லையில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நிமிடத்தை. 18 பிள்ளைகள், 10 நிமிடப் பாடம். அறிக்கையில் 61 பார்வை, 23 தனிப் பார்வையாளர், 118 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 118ஐ 10ஆல் வகுத்தால் 11.8. பாடம் முழுதாக ஓடிய அளவு பன்னிரண்டு முறைகூட இல்லை. ஒரு எச்சரிக்கை: இந்தத் தளம் கடிகார நிமிடத்தை எண்ணுகிறது. 0.75 வேகத்தில் கேட்கும் பிள்ளைக்கு அதே பாடம் 13 நிமிடம் 20 விநாடி, 1.5இல் ஓட்டுபவனுக்கு 6 நிமிடம் 40 விநாடி. நிதானமாகப் படிப்பவர்கள் நிறைந்த வகுப்பு என்றால் 11.8ஐயும் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். நம்பத் தகுந்தது பார்வை வளைகோடு ஒன்றே. எந்த நிமிடத்தில் கூட்டம் கலைகிறது என்று அது காட்டும். அதை மூன்று மெனு தாண்டி ஒளித்து வைத்திருக்கிறார்கள்; எதற்கும் உதவாத எண் முகப்பில்.

வாங்குவதானால் முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள். 2 நிமிடக் காணொளி ஒன்றைப் பட்டியலில் காட்டாமல் ஏற்றி, மறைநிலைச் சாளரத்தில் ஒருமுறை 5 விநாடி, ஒருமுறை 40 விநாடி, ஒருமுறை முழுதும் ஓட்டி, நேரத்தைத் தாளில் குறித்து வையுங்கள். அறிக்கை நிலைக்க ஒரு நாள் ஆகும், மறுநாள் ஒப்பிடுங்கள். தளத்தின் செட்டிங்ஸில் ‘பார்வை எண்ணிக்கையைக் காட்டு’ என்பதை அணைத்துவிடலாம். நிர்வாகக் குழுவின் கண்ணில் படுவதற்கு முன் அணைப்பது உத்தமம்.

காசு கொடுத்து வாங்கும் தரத்தில் இந்த எண்ணிக்கை இல்லை, என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஆனால் நாங்கள் புதுப்பித்தாயிற்று, அதுவும் பழைய விலையில், குறைப்பதற்கு இரண்டு வாரம் முன்பு.