பயணச் சீட்டு என்று நம்பிய ஆறு எழுத்துகள்: 62,400 பறிபோனது, எச்சரிக்கையாக இருங்கள்

இரண்டு நாள்களுக்கு முன்பு இதே நேரத்தில் நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளும் விமானத்தில் இருந்திருக்க வேண்டும். கட்டிவைத்த பைகள் கூடத்தின் மூலையில் அப்படியே கிடக்கின்றன. வங்கிக்கும் இணையக் குற்றப் பிரிவுக்கும் கொடுத்த புகார்களின் நகல்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நாங்கள் இழந்த தொகை 62,400. விமானச் சீட்டையும் விடுதி அறையையும் சேர்த்துத் தொகுப்பாக விற்கும் ஓர் இணையவழிப் பயண முகவர் தளத்தில்தான் இது நடந்தது. விசாரணை நடப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட முறையை முழுமையாக எழுதுகிறேன். பயணச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் யோசிக்காமல் பணத்தை இறைப்பவர்கள் அல்லர். மாதம் 4,500 வீதம் 14 மாதங்கள் தனிக் கணக்கில் போட்டு 63,000 சேர்த்தோம். பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில் கட்டணம் ஏறும் என்பதால் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். வார இறுதியைத் தவிர்த்துச் செவ்வாய்க்கிழமை புறப்பட்டு அடுத்த வாரம் புதன்கிழமை திரும்புவது என்று முடிவு செய்தோம். மூன்று வாரங்கள் காலையும் இரவும் கட்டணத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். ஒரு வேளையாவது நாமே சமைத்துக்கொள்ளலாம் என்று சமையலறையுடன் கூடிய அறையையே தேடினேன். பெட்டிக்குத் தனிக் கட்டணம் கட்டக் கூடாது என்பதற்காக, ஆளுக்கு 7 கிலோ கைப்பையிலேயே எல்லாம் அடங்கும்படி பிள்ளைகளின் துணிகளைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். அருங்காட்சியகத்துக்குக் கட்டணமில்லாத நாள் எது என்பது வரை குறித்து வைத்திருந்தேன். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் சேர்த்த பணம் அது.

அந்தத் தளத்தில் நான்கு பேருக்கான விமானச் சீட்டும் எட்டு இரவுகளுக்கான அறையும் சேர்த்து 65,000 என்று இருந்தது. இரண்டையும் தனித்தனியாக வாங்கினால் 71,000 ஆகியிருக்கும். பாதி விலை என்றோ மூன்றில் ஒரு பங்கு விலை என்றோ சொல்லியிருந்தால் நானே விலகியிருப்பேன். பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த வித்தியாசம் நியாயமானதாகத் தோன்றியது. தொகுப்பாக வாங்குபவர்களுக்கு விடுதிகள் விலையைக் குறைப்பது உண்மையிலேயே நடப்பதுதான். முகவரிப் பட்டையில் பூட்டு அடையாளமும் இருந்தது. அந்தப் பூட்டு, நமக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் தகவல் மறைகுறியாக்கப்படுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது, தளத்தை நடத்துபவர் நேர்மையானவரா என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் நம்பிய அந்த மாலையைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். தளத்தில் இருந்த எண்ணை அழைத்தபோது ஒரு பெண் மிகப் பொறுமையாகப் பேசினார். பிள்ளைகளின் வயதைக் கேட்டார். இருவருக்கும் சன்னலோர இருக்கை கிடைக்க முயல்வதாகச் சொன்னார். அட்டையில் கட்டினால் 65,000, வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் அட்டைக் கட்டணம் மிச்சமாவதால் 4 சதவீதம் கழித்து 62,400 என்றார். நான் தயங்கினேன். "மேடம், நீங்கள் எங்களை நம்ப வேண்டாம். முதலில் முன்பதிவு செய்து அனுப்புகிறோம். விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே பாருங்கள், விடுதிக்கு நீங்களே பேசுங்கள், அதன் பிறகு பணம் அனுப்பினால் போதும்" என்றார்.

அரை மணி நேரத்தில் ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த பி.என்.ஆர். என்ற முன்பதிவு எண் வாட்ஸ்அப்பில் வந்தது. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதை இட்டுப் பார்த்தேன். எங்கள் நான்கு பேரின் பெயர்களும் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் இருந்தன. தேதி சரி, நேரம் சரி. விடுதியை அழைத்தேன், ஆம், உங்கள் பெயரில் அறை இருக்கிறது என்றார்கள். அந்த நிமிடத்தில் என்னிடம் இருந்த எல்லாச் சந்தேகமும் தீர்ந்துபோனது. இருக்கைகளை மறுநாள் வரை மட்டுமே பிடித்து வைத்திருக்க முடியும் என்று அந்தப் பெண் சொன்னதால் அன்றிரவே 20,000, மறுநாள் காலை 42,400, ஆக மொத்தம் 62,400 அனுப்பினேன். பணம் பெறும் கணக்கு தனிநபர் பெயரில் இருப்பதைப் பார்த்துக் கேட்டேன். "அது எங்கள் கணக்குப் பிரிவுப் பொறுப்பாளரின் பெயர், மேடம்" என்றார். அதையும் ஏற்றுக்கொண்டேன்.

இப்போது எனக்குத் தெரிந்திருப்பதைச் சொல்கிறேன். பி.என்.ஆர். என்பது முன்பதிவுப் பதிவேட்டின் எண் மட்டுமே. அது பயணச் சீட்டு அன்று. பணம் கட்டாமலேயே ஒரு முகவர் இருக்கையைச் சிறிது காலத்துக்குப் பிடித்து வைக்கலாம், அப்போதும் பி.என்.ஆர். கிடைக்கும், பெயர்களும் தெரியும். குறித்த கெடுவுக்குள் சீட்டு வழங்கப்படாவிட்டால் விமான நிறுவனத்தின் கணினி அந்த இருக்கைகளைத் தானாகவே விடுவித்துவிடும். உண்மையான இ-டிக்கெட்டுக்குத் தனியாக 13 இலக்க எண் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தின் குறியீடு. 2008 ஜூன் 1 முதல் ஐ.ஏ.டி.ஏ. என்ற பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கம் தன் உறுப்பு நிறுவனங்களில் காகிதச் சீட்டை நிறுத்திவிட்டதால் அந்த 13 இலக்க எண்தான் நம் கையில் இருக்கும் சீட்டு. எனக்கு வந்த அழகான பயணத் திட்டக் கோப்பில் அந்த எண் எங்குமே இல்லை. விடுதி அறையும் அப்படியே: கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய வகையில், வந்து சேர்ந்த பிறகு பணம் கொடுக்கும்படி போட்ட முன்பதிவு. நான் அழைத்தபோது அறை இருந்தது உண்மை. ரத்து செய்வதற்கான கடைசி நாளில், பதிவு செய்தவர்களே அதை நீக்கிவிட்டார்கள். என்னைச் சரிபார்க்கச் சொன்னதே ஏமாற்றின் முதல் படி என்பதை நினைக்கும்போது கை நடுங்குகிறது.

புறப்பட 48 மணி நேரம் இருக்கும்போது, கடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், இணையவழி செக்-இன் செய்ய உட்கார்ந்தேன். அப்படியொரு முன்பதிவு இல்லை என்று வந்தது. மூன்று முறை முயன்றுவிட்டு விமான நிறுவனத்தை அழைத்தேன். முன்பதிவு இருந்ததாகவும், சீட்டு வழங்கப்படாததால் நான் பணம் அனுப்பிய மறுநாளே அது காலாவதியாகிவிட்டதாகவும் சொன்னார்கள். ஏழு வாரங்களாக இல்லாத பயணத்துக்கு நாங்கள் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறோம். என் மகள் தினமும் நாள்காட்டியில் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவர்கள் என்னை அலைக்கழித்த விதம் பணம் போனதைவிட அதிகமாக வலித்தது. ஞாயிறு மதியம், மென்பொருள் மாற்றம் நடப்பதால் சீட்டு எண் தெரியவில்லை, 24 மணி நேரத்தில் வந்துவிடும் என்றார்கள். திங்கட்கிழமை காலை, மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள்; மாலையிலும் அதே பதில். முன்பு அவ்வளவு பரிவாகப் பேசிய அந்தப் பெண் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். பின்னணியில் அவர் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தளத்தில் பதிந்த புகார், யாரும் ஒரு வரி பதில் எழுதாமலேயே, தீர்க்கப்பட்டது என்று மூடப்பட்டது. மீண்டும் பதிந்தேன், மீண்டும் மூடினார்கள். செவ்வாய்க்கிழமை, நாங்கள் பறந்திருக்க வேண்டிய நேரத்தில், ஒரு ஆண் அழைத்து, நிர்வாகக் கட்டணமாக 30 சதவீதம் கழித்து மீதித் தொகைக்கு ஆறு மாதங்களுக்குள் பயன்படுத்தக்கூடிய வவுச்சர் தருவதாகச் சொன்னார். என் பணத்தை எடுத்துக்கொண்டு, அவர்களிடமே இன்னொரு முறை ஏமாற ஒரு தாளைக் கொடுக்கிறார்கள்.

நான் மறுத்ததும் அவர் சொன்னதை மறக்க முடியவில்லை. "இந்தத் தொழிலே நெருக்கடியில் இருக்கிறது மேடம், தாமஸ் குக் போன்ற நிறுவனமே விழுந்துவிட்டதே" என்றார். 1841-இல் தொடங்கிய அந்தப் பிரிட்டிஷ் பயண நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று விழுந்தது உண்மைதான். ஆனால் அப்போது வெளிநாடுகளில் இருந்த ஏறக்குறைய 1,50,000 பேரைப் பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறப்பு விமானங்களில் வீடு கொண்டுவந்து சேர்த்தது. அங்கே பயணத் தொகுப்பு விற்பவர்களுக்குப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருந்தது. அது ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சி. எங்களுக்கு நடந்தது திருட்டு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச அவருக்கு எப்படி மனம் வந்தது?

வங்கியில், நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம், பெற்றவரின் கணக்கில் இருப்பு இல்லை, முயல்கிறோம் என்றார்கள். ஏழு வாரங்களுக்குப் பிறகு 62,400-இல் அங்கே என்ன மிஞ்சியிருக்கும்? அங்கிருந்த அலுவலர் ஒருவர் மட்டும் உட்கார வைத்து விளக்கினார்: விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டையில் கட்டியிருந்தால், சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள்களுக்குள் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை அட்டை வழங்கிய வங்கி வழியாகத் திரும்பப் பெறுவதை, கோரியிருக்கலாம். அந்த உரிமையைத்தான் 4 சதவீதக் கழிவு என்ற பெயரில் அவர்கள் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். 2,600 மிச்சப்படுத்தப் போய் 62,400 போனது. 14 மாதச் சேமிப்பில் மிஞ்சியிருப்பது 600.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். நிதானமாக எழுதும் நிலையில் இப்போது இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 13 இலக்கச் சீட்டு எண் கைக்கு வந்து, அதை விமான நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யும் வரை உங்களிடம் சீட்டு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். விடுதியிடம் "அறை இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "பணம் கட்டப்பட்டுவிட்டதா, யார் ரத்து செய்ய முடியும்" என்று கேளுங்கள். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் எவ்வளவு கழிவு கொடுத்தாலும் வேண்டாம். தளத்தின் பெயர் எப்போது பதிவு செய்யப்பட்டது என்பதை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பதினோரு ஆண்டு அனுபவம் என்று எழுதியிருந்த அந்தத் தளம், நான் பணம் அனுப்புவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான் பதிவாகியிருந்தது. பணம் கட்டிய மறுவாரம் ஒரு முறையும், அறையைக் கட்டணமின்றி ரத்து செய்யும் கெடு முடிந்த மறுநாள் ஒரு முறையும் முன்பதிவைத் திரும்பப் பாருங்கள். நான் முதல் நாள் மட்டும்தான் பார்த்தேன்.

இன்னொன்று: இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று சொல்பவர்களும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான். நேற்றிரவிலிருந்து எனக்கு அப்படி இரண்டு செய்திகள் வந்துவிட்டன. அதில் ஒருவருக்கு 62,400 என்ற தொகையும் நான் அனுப்பிய இரண்டு தேதிகளும் சரியாகத் தெரிந்திருக்கின்றன. அந்தச் செய்தியையும் அச்செடுத்துக்கொண்டு இப்போது இணையக் குற்றப் பிரிவுக்குப் புறப்படுகிறேன்.