மியூசிக் ஆப் பேமிலி பிளான், ஒரு வருஷம் யூஸ் பண்ண அனுபவம் (5க்கு 3.5)

ஆப் பேரைச் சொல்லல, கீழ கொஞ்சம் திட்டவும் போறேன். போன வருஷம் வரைக்கும் அப்பா, நான், என் பொண்ணு மூணு பேரும் ஒரே அக்கவுன்ட்ல தான் கேட்டுக்கிட்டு இருந்தோம், அது பாவம் யாருக்குப் பாட்டு போடுறதுன்னே தெரியாம குழம்பிப் போச்சு. அப்பாவோட பழைய மெலடி முடிஞ்ச அடுத்த செகண்ட் பொண்ணோட ராப் ஆரம்பிக்கும், அப்பா திடுக்கிட்டு எழுந்து "என்னம்மா இது, பாடுறானா இல்ல யார்கூடயாவது சண்டை போடுறானா"ன்னு கேப்பாரு. அதான் பேமிலி பிளான். ஆறு பேர் வரைக்கும் தனித்தனி அக்கவுன்ட், அவங்கவங்க பாட்டு அவங்கவங்களுக்கு.

ஆனா ஹால்ல ஒரு ஸ்பீக்கர் தானே இருக்கு, அதனால சண்டை நிக்கல.

இதுல எனக்கு நிஜமாவே உதவினது வால்யூமை சமப்படுத்துற செட்டிங். 90கள்லேர்ந்து பாட்டு மத்த பாட்டை விட சத்தமா கேக்கணும்னே போட்டி போட்டு, மெதுவா வர்ற இடத்தையும் தூக்கி சத்தமான இடத்தோட சமமா அமுக்கி மிக்ஸ் பண்ணாங்க, லவுட்னஸ் வார்னு சொல்வாங்க. பழைய ரெக்கார்டிங்ல ஏற்ற இறக்கம் இருக்கும். ரெண்டையும் அடுத்தடுத்து போட்டா புதுசு காதுல அறையத்தான் செய்யும், போதாக்குறைக்கு வயசானா ஹை பிரீக்வென்சி சரியா கேக்காது, வார்த்தை புரியாது, வெறும் சத்தம் தான் மிஞ்சும். அந்த செட்டிங்கை ஆன் பண்ணதும் அப்பாவோட கம்ப்ளைன்ட் பாதி குறைஞ்சிடுச்சு. "பரவால்ல, இது கொஞ்சம் நல்ல பாட்டு"ன்னார். அது போன வாரம் திட்டின அதே பாட்டு!!

மீதி பாதிக்கு எந்த ஆப்லயும் செட்டிங் கிடையாது. வருஷக் கடைசியில என்னென்ன கேட்டோம்னு லிஸ்ட் காட்டும்ல, அதுல அப்பாவோடது முழுக்க அவருக்கு இருபது வயசு சுமார்ல வந்த பாட்டு. சிரிச்சுட்டு என்னோடதைப் பாத்தா அதே கதை, 95லேர்ந்து 2002க்குள்ள அடங்கிடுச்சு. விடலைப் பருவத்துலயும் இருபதுகள்லயும் நடந்தது தான் மனசுல ரொம்ப ஆழமா பதியுதுன்னு ஞாபகசக்தி ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. பொண்ணோட லிஸ்ட்ல தான் 70கள் பாட்டு கூட இருந்தது, அவளுக்கு எல்லாமே புதுசு தானே.

பாடகர் சுருதி தப்பினா அதை சரி பண்ற சாஃப்ட்வேர் இருக்குல்ல, ஆட்டோ டியூன், நான் அதைத் திட்டுற ஆளு. மெஷின் பாடுது, இதுக்கு எதுக்குடி பாடகர்னு அவகிட்ட சொன்னேன். அவ தேடிப் பாத்துட்டு "அம்மா, அது 1997ல வந்ததாம், உன் காலத்து சரக்கு தான்"னுட்டா. பூமிக்கு அடியில எண்ணெய் தேடுறதுக்கு சிக்னல் அலசிக்கிட்டு இருந்த இன்ஜினியர் உருவாக்கினதாம் அது. அப்படியே தேடிக்கிட்டே போனா, இந்தத் திட்டெல்லாம் எப்பவும் இருந்தது தான் போல, 1957ல அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி ஆடுறது ஆபாசம்னு டிவியில அவரை இடுப்புக்கு மேல மட்டும் காட்டினாங்களாம், அதுக்கும் முன்னாடி 1816ல லண்டன் டைம்ஸ் பேப்பர், ஜோடியா கட்டிப் பிடிச்சு சுத்தி ஆடுற வால்ட்ஸ் டான்ஸையே ஆபாசம்னு எழுதியிருக்கு. வால்ட்ஸ்! இன்னிக்கு அதைக் கேட்டா கொட்டாவி வருது.

வரிகள் ஓடுற வசதிக்கு முழு மார்க். அப்பா கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு ராப் பாட்டை முழுசா படிச்சுட்டு, "எதுகை மோனை எல்லாம் ஒழுங்கா தான் இருக்கு, மூச்சு எங்க விடுறான்"ன்னு கேட்டார். பிடிச்சுதான்னு கேட்டதுக்கு இல்லன்னுட்டார், அது வேற விஷயம்.

மைனஸ்னா, வீட்ல எல்லாரோட டேஸ்ட்டையும் கலந்து ஒரு பிளேலிஸ்ட் போடுது, யாருக்கும் பிடிக்காததை இவ்ளோ கரெக்டா எப்படி பொறுக்குதுன்னு தெரியல. கஸ்டமர் கேர்ல எழுதினா ரெடிமேட் பதில் தான் வருது.

ரினியூ பண்ணிட்டேன். ஆனா நேத்து அப்டேட் ஆனதும் அந்த வால்யூம் செட்டிங் தானா ஆஃப் ஆகிடுச்சு போல, ஹால்லேர்ந்து அப்பா குரல் கேக்குது, "இதெல்லாம் ஒரு பாட்டா"ன்னு. போய் ஆன் பண்ணிட்டு வரேன்.