தண்டையார்பேட்டைப் படிப்பகம்: ஒன்பது நாளிதழ்களும் ஒரு மறுப்பு நோட்டும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் ஒரு சந்தில், இரண்டு பெஞ்சுகளும் ஒரு நீள மேசையும் மட்டுமே கொண்ட அந்த அறை இருக்கிறது. பலகையில் நிறுவியவர்களின் பெயர் உதிர்ந்து 'படிப்பகம்' என்ற சொல் மட்டும் எஞ்சியிருப்பதால், வட்டாரத்தில் எல்லோரும் அதை அப்படியே அழைக்கிறார்கள். கட்டணம் கிடையாது, விரும்பியவர்கள் மாதம் முப்பது ரூபாய் உண்டியலில் போடலாம். 2023 தொடக்கத்திலிருந்து நான் அங்கே சென்று வருகிறேன். அதுவரை கைப்பேசியில்தான் செய்தி படித்தேன். நான் ஏற்கெனவே நம்பியதையே அது நாள்தோறும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை இங்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

மேசையில் ஒன்பது நாளிதழ்கள் கிடக்கும். ஐந்து பெட்டிக்கடையில் விற்பவை, மூன்று வெவ்வேறு கட்சிகளின் ஏடுகள், ஒன்று ஆங்கிலம். ஒரே செய்தியை மூன்று தாள்களிலாவது படித்த பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். பொறுப்பாளர் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வு பெற்றவர். தலைப்பை அவர் படிப்பதே ஒரு பாடம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வெளியேறி, மூச்சு முட்டிய மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியதை வடசென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணெய்ப் படலம் முகத்துவாரத்தையும் வலைகளையும் நாசமாக்கிய அதே மாதம் அது. 28ஆம் தேதி காலை பொறுப்பாளர் இரண்டு தாள்களை அருகருகே விரித்து வைத்தார். ஒன்றில் 'கசிந்தது' என்றிருந்தது, மற்றொன்றில் 'கசியவிட்டது' என்றிருந்தது. முன்னது தன்வினை, அதில் குழாய் தானாகவே குற்றம் செய்துவிடுகிறது, ஆள் யாரும் இல்லை. பின்னது பிறவினை, யார் என்ற கேள்வி உடனே எழுந்து நிற்கிறது என்று அவர் விளக்கினார். நான் இரண்டாவது தாளைப் பாராட்டத் தொடங்கியபோது அவர் கையமர்த்தி, விசாரணை முடிவதற்கு முன் எழுதப்பட்டதால் அதுவும் ஒரு சாய்வுதான் என்றார். ஒரு வினைமுற்றுக்குள் இவ்வளவு சார்பு ஒளிந்திருக்க முடியும் என்பதை எந்தச் செயலியும் எனக்குக் காட்டியதில்லை.

இந்தச் சேவையில் நான் மிக உயர்வாக மதிப்பது மறுப்பு நோட்டை. கணக்கு எழுதும் நீள நோட்டு அது. சணல் கயிற்றில் ஒரு பேனாவோடு மேசைக்காலில் கட்டப்பட்டிருக்கும். எந்தச் செய்திக்கும், அறையில் யார் சொன்ன கருத்துக்கும் எவரும் அதில் மறுப்பு எழுதலாம். பெயரையும் தெருவையும் போட்டுவிட்டு எழுத வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கிக் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, அவற்றில் ஒன்றை உண்மையென்று நம்பி நான் அங்கே காட்டினேன். மறுநாள் நோட்டில் எனக்கு மறுப்பு இருந்தது: அந்தக் காட்சி தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டதே அல்ல என்பதற்கான காவல்துறை விளக்கத்தோடு, தெளிவான கையெழுத்தில், வசைச்சொல் ஒன்றும் இல்லாமல். கீழே 'ஏற்கிறேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மணலியிலும் மாதவரத்திலும் நம்மோடு உழைக்கும் மனிதர்களை அச்சுறுத்திய பொய் அது என்பது இன்றும் உறுத்துகிறது. 2018 மே மாதம் நமக்கு வடக்கே பழவேற்காட்டில், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் ஒருவரை அடித்தே கொன்றதை நினைத்தால் அந்த உறுத்தல் இன்னும் கூடுகிறது.

வதந்தி பரப்புபவர்களை உள்ளே தள்ளக் கடுமையான சட்டம் வேண்டும் என்று வாதிடுபவர்களும் அங்கே வருகிறார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அப்படித்தான் இருந்தது. முகநூலில் ஒரு வரி எழுதியவரும் அதற்கு 'லைக்' போட்டவரும்கூட அதன்கீழ்க் கைதானதால், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்கும் முன்பே, 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாதென்று அன்றைய அரசு தடை விதித்ததும், 1950இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியதும், மறு ஆண்டே முதல் அரசியலமைப்புத் திருத்தம் பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளை விரிவாக்கியதும் நம் ஊரிலிருந்து புறப்பட்ட வரலாறு. பொய்யைத் தடுக்கக் கொடுக்கும் அதிகாரம் குறைகளைச் சொல்பவர்மீது எவ்வளவு எளிதாகத் திரும்பிவிடுகிறது என்பதால், நான் நோட்டின் பக்கம்தான் நிற்கிறேன்.

குறைகளும் உண்டு. பெண்கள் அமர்ந்து படிக்கும் சூழல் இன்னும் உருவாகவில்லை. இத்தனை ஆண்டுகளில் நான்கைந்து பேரைத்தான் பார்த்திருக்கிறேன். இது சிறிய குறையல்ல, ஏனென்றால் எண்ணூர்ச் செய்தியில் மீன் விற்கும் பெண்கள் சொல்ல வேண்டியது அந்த மேசைக்கு வந்து சேரவே இல்லை. நிறுவியவர்களின் கட்சி ஏடு எப்போதும் அடுக்கின் மேலே இருக்கிறது. விளக்கு போதாது.

சென்ற ஆண்டு கால்வாய் தூர்வாரும் பணி குறித்து நோட்டில் ஒருவர் எழுதிய பக்கத்தை யாரோ கிழித்துச் சென்றுவிட்டார்கள். பொறுப்பாளர் நோட்டை மாற்றவில்லை. எஞ்சிய தாள் விளிம்பில் 'கிழிக்கப்பட்டது' என்று எழுதித் தேதியிட்டார். அடுத்த பக்கத்தில் அதே முறையீட்டை, அதே மனிதர், பெயரும் தெருவும் போட்டு மீண்டும் எழுதியிருக்கிறார். அதன்கீழ் இப்போது பதினான்கு கையொப்பங்கள் இருக்கின்றன.

காலை ஆறு முதல் ஒன்பதரை வரையும், மாலை ஐந்து முதல் எட்டு வரையும் திறந்திருக்கும். ஏழு மணிக்குள் சென்றுவிடுங்கள். அதன்பின் தாள்கள் பக்கம் பக்கமாகப் பிரிந்து ஆளுக்கொரு கையில் போய்விடும்.