குன்னூரில் பெரியம்மாவின் காலுக்குக் கிடைத்த மரியாதை

ஊருக்குப் போய்வந்தால் பேங்க், ஆதார், பத்திர ஆபீஸ் எப்படி இருந்தது என்று எழுதுவது என் வழக்கம். இந்த முறை அதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் கட்டாயமான இ-பாஸ் போனிலேயே சுலபமாகக் கிடைத்துவிட்டது. பேங்கில் கேஒய்சி வேலை காபி நேரத்துக்குள் முடிந்தது. தாலுகா ஆபீஸ் அப்படியேதான் இருக்கிறது. இனி எழுத வந்த விஷயம்: குன்னூரில் இரண்டு கால் மசாஜ் இடங்கள் என் பெரியம்மாவை நடத்திய விதம்.

என் பெரியம்மா குன்னூரில் இருக்கிறார். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு வளர்த்த டேன்டீ தேயிலைத் தோட்டத்தில்தான் பெரியம்மா ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தார். சரிவில் கால் ஊன்றி, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, மழையிலும் பனியிலும் நின்ற கால்கள் அவை. குதிகாலில் கத்தியால் கீறியது போல வெடிப்புகள், கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த பழைய தழும்புகள். இப்போது சுகரும் சேர்ந்துகொண்டது. ராத்திரியில் பாதம் எரிகிறது, காலையில் மரத்துக் கிடக்கிறது என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் சிங்கப்பூரில் நர்ஸ். டாக்டரிடம் காட்டி மாத்திரையைச் சரிபார்த்த பிறகு, அவருக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கட்டும் என்று ரிஃப்ளெக்ஸாலஜி என்ற பாத மசாஜுக்கு அழைத்துப் போனேன். சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க்கில் வரிசையாக இருக்கும் கால் மசாஜ் கடைகளில் நானே டூட்டி முடிந்து போய் உட்காருவது உண்டு.

முதலில் போனது ஒரு ரிசார்ட்டோடு சேர்ந்த இடம். பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் எனக்கு நாற்காலி, இஞ்சி டீ. பெரியம்மாவிடம், "கூட வந்தவங்க வெளியே உட்காரலாம்" என்றார்கள். சிகிச்சையே அவருக்குத்தான் என்று சொன்ன பிறகு, அவர் சாய்ந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்தார்கள். என் காலடியில் டவல்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டியிருந்தேன். அவருக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, துடைத்து எழுப்பிவிட்டார்கள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எழுந்தவரிடம் மசாஜ் செய்த பையன் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை: "பாட்டி, பத்து தடவை வா. சுகர் தானா இறங்கிடும். அப்புறம் மாத்திரையே வேணாம்." என்னிடம் அவன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் "நல்லா ரிலாக்ஸ் ஆகும் மேடம்" என்றதோடு சரி. ஒரே கடை, ஒரே கை. படித்தவளாகத் தெரிந்தவளுக்கு ஒரு உண்மை, தோட்டக்காரியாகத் தெரிந்தவருக்கு ஒரு பொய். மேனேஜரிடம் இதைச் சொன்னேன். பணத்தைத் திருப்பித் தர வந்தார். பணம் வேண்டாம், சுகர் மாத்திரையை நிறுத்தச் சொல்வதை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரிஃப்ளெக்ஸாலஜி என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் இதை ஏதோ ஆதிகால ரகசியம் என்று நம்புகிறார்கள். வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை டாக்டர் உடம்பைப் பத்து மண்டலமாகப் பிரித்து 1917-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பிறகு 1930-களில் யூனிஸ் இங்காம் என்ற பெண் அதைப் பாதத்தில் கொண்டுவந்து, கல்லீரல் இங்கே, சிறுநீரகம் இங்கே என்று வரைபடம் போட்டார். இன்று கடைச் சுவரில் தொங்கும் படங்களுக்கு அதுதான் மூலம். அந்தப் புள்ளியை அழுத்தினால் அந்த உறுப்பின் நோய் தீரும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. அசதி குறைகிறது, மனசு இளகுகிறது, நல்ல தூக்கம் வந்ததாகப் பலர் சொல்கிறார்கள். அதுவே போதும், அதற்குத்தான் நானும் போகிறேன்.

இரண்டாவதாகப் போனது பெட்போர்டு பக்கம், ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கும் சின்ன இடம். நடத்துவது உள்ளூர்ப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். விலைப்பட்டியல் சுவரில் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒட்டியிருந்தது, இரண்டிலும் ஒரே தொகை. காத்திருந்தவர்களில் ஒரு வேன் டிரைவர், ஒரு திருநங்கை, பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். நோட்டில் எழுதிய வரிசைப்படிதான் உள்ளே கூப்பிட்டார். திருநங்கையின் முறை வந்தபோது அந்தக் குடும்பத்து அம்மா, "நாங்க சீக்கிரம் கிளம்பணும்" என்று எழுந்தார். "அவங்க முன்னாடியே வந்துட்டாங்கம்மா, அடுத்தது நீங்கதான்" என்று கடைக்காரப் பெண் சிரித்தபடியே சொல்லி முடித்துவிட்டார்.

அந்தக் குடும்பத்து அப்பாவின் முறை வந்தபோது நடந்ததுதான் எனக்கு இந்தப் பெண் மேல் பெரிய மதிப்பை உண்டாக்கியது. நெடுந்தூரம் காரில் உட்கார்ந்தே வந்தவர். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்தது. ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருந்தால் அழுத்துவது ஆபத்து, கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். "இதை நான் தொட மாட்டேன் சார், இப்பவே லாலி ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். இரண்டு மடங்கு தருகிறேன் என்றார் அவர். பதில் மாறவில்லை.

பிறகு பெரியம்மா. வெந்நீர்த் தொட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றி, முதலில் தன் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். மரத்த காலுக்குச் சூடு தெரியாது என்பதை அந்தப் பெண்ணுக்கு யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சுகர் எத்தனை வருஷமா, பிரஷர் உண்டா, கால் எங்கே மரத்திருக்கு, புண் ஏதாவது ஆறாம இருக்கா என்று கேட்டார். எந்த லைன் வீடு, என்ன ஆளுங்க என்ற விசாரணை எதுவும் இல்லை. கேட்டதையெல்லாம் என்னிடம் கேட்காமல் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தே கேட்டார். கூட வந்த வெளிநாட்டுக்காரியிடம் பேசிவிட்டு நோயாளியை விட்டுவிடுவதை ஆஸ்பத்திரிகளிலேயே பார்த்திருக்கிறேன்.

பெரியம்மா காலை இழுத்துக்கொண்டார். "வேண்டாம்மா, வெடிச்சுக் கிடக்குற காலைப் போய் நீங்க தொட்டுக்கிட்டு."

"டீச்சர் கால், டிரைவர் கால், எல்லாம் இந்தத் தொட்டியிலதான்மா வைக்கிறாங்க. குடுங்க." என்று சொல்லிவிட்டு, தொடலாமா என்று இன்னொரு தடவை கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் துண்டில் ஏந்தினார்.

விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தவர், வலது சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு சின்னக் கீறலைக் கண்டுபிடித்தார். பெரியம்மாவுக்கு அது இருப்பதே தெரியாது. வலது காலைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு இடது காலை மட்டும், விரல் நகரும் வேகத்தில் மெதுவாக, அழுத்தமே இல்லாமல் தடவிக்கொடுத்தார். வேன் டிரைவருக்குக் கட்டைவிரல் ஊன்றி அமுக்கியதைப் பார்த்திருந்ததால் பெரியம்மா, "எனக்கும் அப்படி அமுக்கும்மா" என்றார். "உங்களுக்கு வலி தெரியாதும்மா, நான் அழுத்தினா தோல் நைஞ்சுரும்" என்று காரணத்தோடு சொன்னார். சமமாக நடத்துவது என்றால் எல்லாருக்கும் ஒரே அமுக்கு அமுக்குவது இல்லை. அவரவர் உடம்புக்கு வேண்டிய கவனத்தைக் குறைக்காமல் கொடுப்பது. நர்ஸிங்கில் நாங்கள் தினமும் போராடுவது இதற்குத்தான்.

சுகர் குறையுமா என்று பெரியம்மா கேட்டார். "குறையாதும்மா. மாத்திரையை விட்டுராதீங்க. இது சும்மா கால் அசதிக்கு" என்றார். வெளியே வரும்போது பாதிப் பணம்தான் வாங்கினார். ஒரு காலைத்தானே பார்த்தேன் என்றார். மறுநாள் லாலி ஆஸ்பத்திரியில் அந்தக் கீறலுக்கு மருந்து போட்டு, காலுக்குப் பொருத்தமான செருப்பு எழுதிக்கொடுத்தார்கள்.

ஒரு குறையும் உண்டு. மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, கைப்பிடி ஒரு பக்கம்தான். பெரியம்மா ஏறுவதற்குள் திணறிவிட்டார். நான் சொன்னபோது கடைக்காரப் பெண்ணும் ஒத்துக்கொண்டார். கீழே இடம் பிடிக்க வாடகை கட்டுப்படியாகவில்லையாம். முழங்கால் வலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள். தையல் கடை அண்ணனிடம் பேசி, அவர் கடை ஓரத்திலேயே நாற்காலி போட்டுத் திரை கட்டிப் பார்க்கிறார். சீசனில் சனி ஞாயிறு போகாதீர்கள், வார நாள் காலையில் போனால் நிதானமாக நேரம் கிடைக்கும்.