கூடு வெளியே வர மறுத்த துப்பாக்கியும் தீவில் ஒரு பழுதுக் கடையும்

பினாங்குத் தீவில் நான் போன துப்பாக்கிப் பழுதுக் கடைக்கு என் மதிப்பெண்: வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. தொலைபேசியை எடுப்பதற்கு சைபர். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிபோங் திபால் பக்கம் செம்பனை போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இளங்கன்றைக் குருத்தோடு கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். அதற்காகத்தான் உரிமத்தோடு ஒரு 12 போர் (குழல் அளவு) ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக அதில் ஒரு வம்பு: சுட்ட பிறகு குழலை மடக்கித் திறந்தால் காலித் தோட்டாக் கூடு வருவதில்லை. எக்ஸ்ட்ராக்டர் கூட்டின் விளிம்பைப் பிடித்துச் சில மில்லிமீட்டராவது வெளியே தள்ளினால்தானே விரலால் இழுக்க முடியும்? இது விளிம்பை வழுக்கிக்கொண்டு தான் மட்டும் வெளியே வந்து நிற்கும். அப்புறம் பேனாக்கத்தியை எடுத்து நெம்ப வேண்டியதுதான்.

முதலில் போன கடையில் துப்பாக்கியைப் பார்த்த மாத்திரத்தில் ‘எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்துவிட்டது’ என்றார்கள். எக்ஸ்ட்ராக்டரும் ஸ்பிரிங்கும் புதிது, பில்லும் கனம். தோட்டத்துக்கு வந்து நாலு தோட்டா போவதற்குள் பழைய கதை.

அதனால்தான் தீவுக்குப் போகும் இரண்டாவது பாலம் ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போனேன். கடை சின்னது, முதலாளி வயதான சீனர். உரிமப் புத்தகத்தை வாங்கி, குழலில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் துப்பாக்கியைத் தொட்டார். தொட்டதும் கேட்ட முதல் கேள்வி: “ஆனே, கெலொங்சோங் பாவா தாக்?” (அண்ணே, காலிக் கூடு கொண்டு வந்தாயா?) நல்லவேளை, சுட்ட கூடுகள் பையிலேயே கிடந்தன. ஒன்றை எடுத்து விளக்கடியில் மெல்ல உருட்டினார். அடிப்பகுதியில் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள். எக்ஸ்ட்ராக்டர் பிடித்த இடத்தில் விளிம்பு மடங்கியிருந்தது. பிறகு மேசையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது முலாம் பூசிய இரும்பு!

சுடும்போது கூட்டின் அடி உப்பி, தோட்டா உட்காரும் குழல் அடியான சேம்பரின் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். பித்தளை நன்றாகச் சுருங்கி மீளும், இரும்பு அந்த அளவுக்கு மீளாது. சுவர் வழவழப்பாக இருந்தால் அதனால் தொந்தரவில்லை. என்னுடையதில் விளக்கை விட்டுக் காட்டினார்: அடிப்பக்கம் முழுக்கத் துருப்பிடித்துப் பொடிப்பொடிக் குழிகள். பஞ்சு வைத்த உறையில் படுக்க வைத்ததால் வந்த வினை. நம் ஊர் ஈரத்துக்கு அந்த உறை தூக்கிக்கொண்டு போகத்தான், வைத்திருக்க அல்ல.

சேம்பர் நீளத்தையும் அளந்து பார்த்தார். 70 மில்லிமீட்டர், நான் போடும் தோட்டாவும் அதேதான். பழைய 65 சேம்பரில் 70 தோட்டாவைப் போட்டுவிட்டு எக்ஸ்ட்ராக்டரைத் திட்டுகிறவர்களும் வருவார்களாம். தோட்டாவில் போட்டிருக்கும் நீளம் சுட்டு வாய் விரிந்த கூட்டுக்கானது; சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. அதனால் சேம்பருக்குள் சமத்தாகப் போய் உட்கார்ந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும்.

மேசையில் துப்பாக்கி சுடும் கிளப் உறுப்பினர் ஒருவருடைய போல்ட் ரைபிள் (கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்துத் திறப்பது) கழற்றிக் கிடந்தது. அதிலும் இதே பாடுதான் என்றார். போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போதே உள்ளே ஒரு சரிவு கூட்டை இளக்கிக் கொடுக்கும், அதற்குப் பிறகுதான் கொக்கி இழுக்கும். சேம்பர் கெட்டிருந்தால் மௌசர் 98 என்ற ஜெர்மன் ரைபிளின் பெரிய கொக்கியாக இருந்தாலும் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வருமே தவிர, கூடு அங்கேயே இருக்கும். எனக்கு முதல் கடையின் பில் ஞாபகம் வந்தது.

சேம்பரைத் தேய்த்து மெருகேற்றினார், அவ்வளவுதான். எல்லாக் குழியையும் எடுக்கவில்லை; எடுத்தால் சேம்பர் அகன்றுவிடும், திரும்பக் குறைக்க வழியில்லை. கூலி 180 ரிங்கிட். பத்து போர் (எண் குறைந்தால் அளவு பெரிது) வெண்கலத் தூரிகை ஒன்றையும் தலையில் கட்டினார். வியாபாரத் தந்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 12 போர் குழலின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர், சேம்பரோ 20-க்கும் மேல். குழல் தூரிகை அங்கே சும்மா போய் வரும், பிளாஸ்டிக் கூடு விட்டுப்போகும் படிவை அசைக்கக்கூடச் செய்யாது.

இப்போது கூடு விரலுக்கு வருகிறது. அதே மலிவுத் தோட்டாவின் கூடும் வருகிறது, பித்தளை அடியுள்ளது இன்னும் இலகுவாக.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை. கார் நிறுத்த இடமே கிடையாது; துப்பாக்கியோடு வெயிலில் நடக்கிற சங்கடம் வேறு. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. உரிமம் உள்ள தெரிந்தவர்கள் கேட்டால் சொல்கிறேன். போகும்போது புத்தகத்தோடு சுட்ட கூடு நாலைந்தும் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்.